சாட்சிகள் முன்னிலையில்

தேர்தல் வருஷத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் வேட்பாளராக இருப்பது உடம்புக்குச் சிரமமான காரியம். திருச்செந்தூரில் நெற்றி நிறையத் திருநீறு வேண்டும். காயல்பட்டினத்தில் தலைக்குத் தொப்பியும் கையில் நோன்புக் கஞ்சியும். நாசரேத்துப் பக்கத்து ஊர்களில் கோயில் பண்டிகை என்றால் அசனப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா முன் மெழுகுவர்த்தி. மறுநாள் பத்திரிகையில் நான்கு படங்களிலும் முகம் ஒன்றேதான். நம் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே சொல்தான் விழுகிறது: போலி. சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறோம்.

இந்தச் சொல் நம்மைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. போலி என்றால் எதன் போலி? மனசுக்குள் அசல் ஒன்று இருக்க வேண்டும், வெளிச்செயல் அதன் நகலாக இருக்க வேண்டும், இரண்டும் பொருந்தாவிட்டால் குற்றம் என்ற ஒரு கணக்கு இதில் அடங்கியிருக்கிறது. பக்தி இலக்கியத்திலும் சித்தர் மரபிலும் வேஷதாரி மீது ஏளனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது துறவியிடம் கேட்கப்பட்ட கேள்வி. பெரும்பாலும் பாடுகிறவன் தன்னிடமே கேட்டுக்கொண்டது. அரசனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மார்த்தாண்ட வர்மா 1750இல் திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, பத்மநாபதாசனாக நின்று ஆண்டபோது, அவர் உள்ளம் உருகியதா என்பது சமகாலத்தவரின் பிரச்சினையாக இருந்ததாகத் தெரியவில்லை. வாளைச் சன்னதியில் வைத்தாரா, கட்டளை நடந்ததா, படித்தரம் தவறாமல் வந்ததா - இவைதான் கேள்விகள். மனசைச் சோதிக்கிற கேள்வி, ஒரு நிர்வாகக் கேள்வியாக, பதிவேட்டில் எழுதி வைக்கப்படும் கேள்வியாக, இந்தச் செம்மண் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்ததற்குத் தனி வரலாறு உண்டு. அது நாசரேத்தைச் சுற்றியே நடந்தது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற ரயிலில் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையம் நாசரேத். நம்மாழ்வாரின் ஊருக்கும் இயேசுவின் ஊருக்கும் இடையில் சில நிமிஷங்கள்தான். 1799இல் முதலூர் உருவான பிறகு வந்த சில ஆண்டுகளில், பனையேறி வாழ்ந்த நாடார் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு வந்தன. இப்படித் திரண்ட சபைகளில் ஒன்றுதான் நாசரேத். ஊர் முழுக்க ஒரே நாளில் வந்தது. பாளையக்காரரின் தொல்லை அதிகமானபோது சில ஊர்கள் முழுக்கத் திரும்பியும் போயின. வந்தவனை உட்காரவைத்து ஐயர்மார் (இந்தப் பக்கத்தில் மிஷனரிக்கு அந்தப் பெயர்தான்) கேட்டது இதுதான்: ஏன் வந்தாய்? ஜமீன் தொல்லையா, வழக்கா, பஞ்சமா, அல்லது பாவ உணர்வா? ‘பெயர்க் கிறிஸ்தவன்’ என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். உபதேசியார்கள் தங்கள் சபையாரின் அகத்தைப் பற்றிக் கணக்கு எழுதினார்கள். நெல்லுக்கும் கருப்பட்டிக்கும் இருந்ததுபோல விசுவாசத்துக்கும் ஓர் இருப்புக் கணக்கு.

இதில் ராபர்ட் கால்டுவெலின் நிலை மற்றவர்களைவிட நேர்மையானது. 1877-78 பஞ்சத்தில் ஓராண்டுக்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவர் சார்ந்த சங்கத்தின் சபைகளுக்கு வந்து சேர்ந்தபோது, சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனம் சென்னையிலும் எழுந்தது, லண்டனிலும் எழுந்தது. அவர் அதை மறுத்து வாதாடவில்லை. உயர்ந்த நோக்கத்தோடு வருவார்கள் என்று கிராமத்தில் வாழ்ந்த எவனும் எதிர்பார்க்க மாட்டான், வந்த பிறகு பள்ளிக்கூடமும் வழிபாடும் அவர்களை, அவர்களை இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகளை மாற்றும் என்பது அவர் வாதத்தின் சாரம். வாசலில் நிற்கிறவனின் மனசைவிட உள்ளே வந்தபின் அவன் எதற்குக் கட்டுப்படுகிறான் என்பது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், அந்த மக்களின் அறிவையும் குணத்தையும் தராசில் வைத்து நிறுத்துத் தாழ்த்தியவர். இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார்.

தராசைத் திருப்பிப் பிடித்தவர் ஒருவர் நாசரேத்திலேயே இருந்தார். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. மிஷனில் உபதேசியாராக இருந்தவர். கெமரர் ஐயரோடு ஏற்பட்ட தகராறில் வேலையை இழந்தார். 1857இல், நாசரேத்துக்கு மிக அருகில் உள்ள பிரகாசபுரத்தை மையமாக வைத்து, தம்மோடு வந்த நாடார் கிறிஸ்தவர்களைத் திரட்டித் தனிச்சபை கண்டார். இந்து கிறிஸ்தவ சபை, ஏக இரட்சகர் சபை என்றெல்லாம் அதற்குப் பெயர். சம்பளம் வாங்கும் குருமார் அங்கே இல்லை. ஓய்வுநாள் சனிக்கிழமை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும், தூபம் உண்டு, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் உண்டு. பைபிளில் இருக்கிறது, ஐரோப்பியனிடம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் வசனம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் பூட்ஸ் காலும் நாற்காலியும் கிறிஸ்துவின் கட்டளையா, இங்கிலாந்தின் வழக்கமா என்பதே அவர் எழுப்பிய பிரச்சினை. அதாவது, நீ என் நோக்கத்தைச் சோதிக்கிறாய், உன் விசுவாசத்தில் தேவன் எவ்வளவு, கலெக்டர் எவ்வளவு என்று நானும் கேட்கிறேன்.

மிஷன் தரப்பு இதற்குச் சொன்ன பதில் நமக்குப் பரிச்சயமானது: சாதி அகம்பாவம், பதவி போன கோபம், மதம் வெறும் திரை. ஒரு பகுதி உண்மையாகவும் இருக்கலாம். கால்டுவெலின் நூல் கிளப்பிய அவமானமும் வேலை போன ஆத்திரமும் அந்தச் சபையின் அஸ்திவாரத்தில் இருந்தன. ஆனால் அவர் வெறும் கோபக்காரராக இருந்திருந்தால் எபிரேய நியமங்களை அவ்வளவு சிரத்தையாகத் தேடிக் கற்றிருக்க வேண்டியதில்லை. நோக்கம் கலப்படமாக இருந்தும் காரியம் கலப்படமில்லாமல் இருக்க முடியும் என்பதற்கு அந்தச் சிறிய சபை ஓர் உதாரணம். இதைப் புரிந்துகொள்ளும் வகை அன்றைய ஐயர்மாரிடம் இல்லை. இன்று அரசியல்வாதியின் விபூதியைப் பார்த்துச் சிரிக்கிற நம்மிடமும் இல்லை.

நாசரேத்திலிருந்து கிழக்கே சில மைல்களில் கடல். அங்கே இந்தக் கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு வடிவில் கேட்கப்பட்டு, வேறு விதமாக விடை பெற்றிருந்தது. பரதவர் கிறிஸ்தவரான கதையை நம்மில் எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருக்கிறோம். தூத்துக்குடியில் ஒரு பரதவரின் காது அணியோடு அறுபட்டது, அதிலிருந்து மூண்ட கலகம், முத்துக்குளிப்பில் முஸ்லிம் வணிகரோடு இருந்த போட்டி. அந்தச் சமயம் குமரிமுனைப் பக்கம் இருந்தவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. மலையாளக் கரையில் பிறந்து போர்த்துகல் போய் ஞானஸ்நானமும் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பியவர். அவர் கொடுத்த யோசனை சுருக்கமானது: போர்த்துகீசியரிடம் போங்கள், மதம் மாறுங்கள், கப்பல் வரும்.

முதலில் சிறு தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போனது. பின்னால் பட்டங்கட்டிகள் எழுபது பேரளவில். ஊர்த்தலைவர்கள்தாம் முதலில் தண்ணீர் வாங்கினார்கள். இது 1535 கடைசியை ஒட்டி நடந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கரையோரத்தில் ஏறத்தாழ 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது. பெர்னாண்டோ, கோமஸ், வாஸ், மச்சாடோ என்று குடும்பப் பெயர்கள் வந்தன. வாக்களித்தபடி கப்பலும் வந்தது. 1538இல் வேதாளையில் மார்டிம் அபோன்சோ த சோசாவின் கப்பற்படை எதிரிக் கப்பற்படையை உடைத்தது. பேரம் என்று சொன்னால் இதைவிடச் சுத்தமான பேரம் கிடைக்காது. கொடுத்தது நம்பிக்கை, வாங்கியது பீரங்கி. ரசீது கடலில் மிதந்தது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, நீங்கள் என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதினார். ஒரு மொழிபெயர்ப்பாளர் குழுவைப் பிடித்து ஜெபங்களைத் தமிழாக்கி, மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் பிள்ளைகளைச் சேர்த்தார். உபதேசியார்களுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. பரதவர் ஆண்டுதோறும் கட்டிய 4,000 பணம் போர்த்துகல் மகாராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்கும்படி கேட்டு வாங்கினார். ஒரு ராணியின் செருப்புப் பணத்தில் முத்துக்கரை ஜெபம் படித்தது என்பது அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான படிமம். எந்தக் கவிஞனும் கற்பனை செய்ததல்ல.

சவேரியாரின் கடிதங்களில் யார் மீது ஆத்திரம் அதிகம் என்று பார்க்க வேண்டும். பட்டங்கட்டிகளைக் கண்டிக்கிறார், கள்ளும் சாராயமும் குடிப்பவர்களைத் தண்டிக்கச் சொல்கிறார், உண்மைதான். ஆனால் அவருடைய மிகக் கடுமையான சொற்கள் தூத்துக்குடியில் இருந்த போர்த்துகீசியக் கப்பித்தான் கோஸ்மே த பைவா மீது விழுகின்றன. 1544இல் வடுகப் படைகள் கரையை அடித்தபோது, கிறிஸ்தவர்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து தாகத்திலும் பசியிலும் கிடந்தார்கள். சவேரியார் படகுகளில் உணவு கொண்டுபோக முயன்றார். கப்பித்தானின் அக்கறையோ குதிரை விற்பதில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவனான அவன் பூசையையும் விடவில்லை, குதிரையையும் விடவில்லை. ஏழு வருஷக் கிறிஸ்தவர்கள் பாறையில் கிடந்தார்கள். பெயர்க் கிறிஸ்தவன் யார் என்ற கேள்வியை அங்கே கேட்டிருக்க வேண்டும்.

பேரம் என்ற விளக்கத்துக்கு உண்மையான சோதனை 1658இல் வந்தது. டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பாதுகாப்புக்காகத்தான் பரதவர் மாறினார்கள் என்றால், பாதுகாக்கிற கை மாறியபோது மீண்டும் மாறியிருக்க வேண்டும். கப்பல் இப்போது டச்சுக்காரனுடையது. முத்துச் சலாபத்தின் கணக்கும் அவனுடையது. அவனுடைய மதமும் கிறிஸ்தவம்தான், சொரூபங்களை எடுத்துவிட்டால் போதும். கோயில்கள் கிட்டங்கியாயின. பிலிப்பஸ் பால்தேயஸ் என்ற டச்சுப் போதகர் அந்த ஆண்டே வந்து பேசிப் பார்த்தார். பரதவர் இசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்தைவிட்டு நடந்துபோய் உள்நாட்டில் பூசை கண்டார்கள். கொச்சியில் பேரம் பேசிய எழுபது பேரின் கொள்ளுப்பேரர்கள் தங்களுக்கு நட்டம் தருகிற பக்கத்தில் நின்றார்கள்.

இந்த நூற்றிருபது ஆண்டுகளில் என்ன நடந்தது? மனசு சுத்தமாகிவிட்டது என்று ஒரு பதில் உண்டு. அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1586இல் அடியார் வரலாறு இவற்றைச் சுட்டுவார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். கொச்சியில் தலைவர்கள் செய்தது தனியறைச் சத்தியமல்ல. கரை முழுவதையும் சாட்சி வைத்துச் செய்த காரியம். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தாயிற்று, கல்யாணங்கள் அந்த முறையில் நடந்தாயிற்று, செத்தவர்களைச் சிலுவைக்கடியில் புதைத்தாயிற்று. தலைவன் பின்வாங்க நினைத்தாலும் சாட்சிகள் விடமாட்டார்கள். அவன் நடித்திருக்கலாம்; ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடிக்கவில்லை.

இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் சாதித் தலைவர். டச்சு நிர்வாகத்துக்குச் சலாபத்தில் ஆள் திரட்டிக் கொடுக்கிறவர் அவர். முத்துக்குளிப்பில் அவருக்கென்று ‘கல்’ உரிமை உண்டு. கம்பெனியோடு அனுசரித்துப் போனார், மதத்தில் மட்டும் அசையவில்லை. அசைந்திருந்தால் தலைவராக இருந்திருக்க முடியாது. பக்தியா, தந்திரமா என்று பிரிக்க முயல்வது முத்தைச் சிப்பியிலிருந்து பிரிப்பது போலவும் இல்லை; தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது போலத்தான். 1806இல் பனிமய மாதாவுக்குப் பொற்றேர் செய்து ஓடவிட்ட சாதித் தலைவர் தேர்மாறன் என்றே நினைக்கப்படுகிறார். திருச்செந்தூரில் தேர் ஓடுகிற கரையில் மாதாவுக்கும் தேர். வடத்தைத் தொட்டுக் கொடுக்கிற முதல் மரியாதை தலைவருக்கு. அது அவருடைய ஆட்சியின் காட்சி. மாதாவின் காட்சியும்கூட.

பால்தேயஸ் அதே ஆண்டில் கடலின் மறுகரையில், யாழ்ப்பாணத்தில், வேறொன்றைக் கண்டார். போர்த்துகீசியர் காலத்தில் கத்தோலிக்கராக எழுதப்பட்டவர்கள் டச்சுச் சபையின் பதிவேட்டுக்குப் பெரும் தொகையாக மாறிக்கொண்டார்கள். முதலியார் பதவிக்கும் நிலவுரிமைப் பதிவுக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது, எனவே வாங்கிக்கொண்டார்கள். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையைத் தெருவில் போடாமல் கூரையிறப்பில் செருகி ஒளித்ததாகச் செவிவழிச் செய்தி இருக்கிறது. 1796இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் பதிவேட்டிலிருந்த அந்தச் சபை சில வருஷங்களில் கரைந்தது. இரண்டு கரையிலும் ஒரே மொழி பேசும் தமிழர், ஒரே போதகர், ஒரே கம்பெனி. முத்துக்கரையில் மதம் ஊரின் முன்னால் நின்று எடுத்த முடிவு. யாழ்ப்பாணத்தில் அது அலுவலகத்தின் முன்னால் போட்ட கையெழுத்து; ஊர் வேறொரு பக்கம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இலங்கை இந்த நாடகத்தை வாக்குச்சீட்டோடு மறுபடி நடத்தியது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்ததும், ஆங்கிலிக்கன் குடும்பங்களில் பிறந்த சிங்களத் தலைவர்கள் சிலர் பௌத்தரானார்கள். ‘டொனமூர் பௌத்தர்’ என்று அவர்களுக்குக் கேலிப்பெயர். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்களில் முக்கியமானவர். அவருடைய பௌத்தம் வேஷமென்றே வைத்துக்கொள்வோம். அந்த வேஷத்துக்கு முன்னால் நின்றவர்கள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு 1956இல் விலை கேட்டார்கள், தனிச்சிங்களச் சட்டம் வந்தது. தமிழரோடு ஒப்பந்தம் செய்தபோது கிழிக்கவைத்தார்கள். 1959இல் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. (அந்தப் பிக்கு தூக்கிலிடப்படுவதற்குச் சற்று முன் சிறையில் ஞானஸ்நானம் பெற்றார். சரித்திரத்துக்குச் சில சமயம் ரசனைக் குறைவு உண்டு.) எதிர்ப்பக்கத்தில் எஸ். ஜே. வி. செல்வநாயகம், சைவப் பெரும்பான்மையினருக்குக் கிறிஸ்தவத் தலைவர். 1952இல் காங்கேசன்துறையில் அவர் மதமே அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்யப்பட்டது, தோற்றார். மதம் மாறவில்லை, 1956இல் வென்றார். கோயில் வாசலில் அவர் விபூதி பூசிக்கொண்டிருந்தால் யாழ்ப்பாணம் அதை எப்படி வாசித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் இந்த வரிசையையே முறித்துவிட்டதாக நாம் நம்பினோம். கடவுள் இல்லை என்று பகிரங்கமாகச் சொல்வதும் ஒரு பகிரங்க மதச் செயல்தான் என்பதைக் கவனிக்கவில்லை. அதற்கும் மேடை வேண்டும், சாட்சி வேண்டும். அண்ணா அதைத் திருமூலரின் ஒரு தேவனாகத் தணித்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராகிக் கொல்லூர் மூகாம்பிகைக்குத் தங்கவாள் காணிக்கை தந்தார். தொண்டர்கள் இதில் முரண் எதையும் காணவில்லை. சிக்கல் வந்தது திருச்செந்தூரில்.

1980 நவம்பர் 26ஆம் தேதி, உண்டியல் எண்ணும் பணிக்காகத் திருச்செந்தூர் வந்திருந்த அறநிலையத்துறைச் சரிபார்ப்பு அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை அங்கேயே இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு, கொலை என்றது தி.மு.க. வைரவேல் என்ற சொல் மேடைகளில் புறப்பட்டது. நீதிபதி பால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் மு. கருணாநிதி அதை வெளியிட்டார். 1982 பிப்ரவரியில் மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர், எட்டு நாள் நடந்தார். நீதி கேட்டு நெடும்பயணம் என்று பெயர். பாதம் கொப்புளித்தது.

நாத்திகர் நடந்த பாதயாத்திரை என்று அன்றே கேலி செய்தார்கள். கேலி அந்த நடையின் வலிமையைத் தவறவிட்டது. தென்பாண்டிச் சீமையில் முருகனிடம் நேர்ந்துகொண்டு நடக்கிறவன் எந்தச் சாலைகளில் நடப்பானோ அந்தச் சாலைகளில், அதே கொப்புளத்தோடு, ஒருவர் முருகனிடம் அல்லாமல் முருகனின் சார்பாக அரசிடம் நியாயம் கேட்டு நடந்தார். வழியோரத்தில் நின்ற கிழவிகளுக்கு அவருடைய தத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கால் நிஜமாகப் புண்ணாகியிருந்தது. அவர் நம்பினாரா என்பது இங்கே அர்த்தமற்ற கேள்வி. நம்பவில்லை என்று அவரே நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 1989இல் அவரே முதலமைச்சரானபோது அந்தச் சாலையோரச் சாட்சிகள் அவரை எதற்குக் கட்டுப்படுத்த முடிந்தது என்பது. கொச்சிக்குப் போன பட்டங்கட்டிகளைக் கரை பிடித்து வைத்திருந்தது. கரிசல்காட்டுச் சாலையில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு பிடி இருக்கவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வேல் மட்டும் அரசியலைவிட்டுப் போகவில்லை. 2020 நவம்பரில் பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவர் எல். முருகன் திருத்தணியில் தொடங்கிய வேல் யாத்திரை, கைதுகளுக்கு நடுவே டிசம்பர் 7இல் திருச்செந்தூரில் முடிந்தது. ஒரு மாதம் கழித்து, 2021 ஜனவரியில், திருத்தணிப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் மு.க. ஸ்டாலின் கையில் வெள்ளிவேல் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொண்டார், படம் வந்தது. இரு தரப்பும் ஒன்றை ஒன்று போலி என்றன. 2024 ஆகஸ்டில் பழனியில் இரண்டு நாள் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடந்தது. அதை நடத்தியது, 1980இல் திருச்செந்தூருக்குச் சரிபார்ப்பு அதிகாரியை அனுப்பிய அதே அறநிலையத்துறை.